காற்று நின்ற பிறகும் நீவாடு ஓடும்: எங்கள் மனுக்களைத் தள்ளிய அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிவாரண மனுக்களை முடிவு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

“சம்பவ நாளில் காற்றின் வேகம் எச்சரிக்கை அளவை எட்டவில்லை. கடல் அமைதியாக இருந்தது. எனவே வலைகள் சேதமானதை இயற்கை இடரால் நேர்ந்த இழப்பாகக் கருத இயலாது.” எங்கள் ஊரின் ஆறு வள்ளக்காரர்களுக்கும் ஒரே வாசகத்தில் வந்த உங்கள் கடிதத்தில் காரணம் என்று இருப்பது இந்த மூன்று வரிகள்தான். என் அண்ணன் அதை இரண்டு முறை வாசித்தார். அப்புறம் என்னிடம் நீட்டி, “பள்ளிக்கூடத்துல இதைத்தானே நடத்துத? நீயே பதில் எழுது” என்றார்.

நான் இடிந்தகரைக்கும் உவரிக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பா, அண்ணன், தாய்மாமா எல்லோரும் கடல்தொழில் செய்தவர்கள். நான் படித்து, மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் மூன்று வரிகளில் முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. அன்று காற்று இல்லை. கடலும் மேலே அமைதியாகத்தான் கிடந்தது. மூன்றாவது வரியின் தொடக்கத்தில் இருக்கும் அந்த ‘எனவே’ மட்டும்தான் தவறு. அந்த ஒரு சொல்லால் ஆறு குடும்பங்கள் கடனாளியாகி நிற்கின்றன.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் நான்கு நாள் விடாமல் கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடித்தது. மீன்பிடிக்கப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை தினமும் வந்தது. ஒருவரும் வள்ளம் தள்ளவில்லை. நான்கு நாள் வருமானம் இல்லை, ஆனாலும் எச்சரிக்கையை மதித்துக் கரையில் இருந்தார்கள் என்பதை உங்கள் கோப்பில் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் காலையில் காற்று அடங்கியது. எச்சரிக்கையும் விலக்கப்பட்டது. மதியத்துக்கு மேல் ஆறு வள்ளங்கள் போயின. அந்திக்குள் 18 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் அடிவலை விட்டுவிட்டு, வழக்கம்போல விடியலுக்காகக் காத்திருந்தார்கள்.

இரவு பத்து, பத்தரை இருக்கும். மேற்கே தெரிந்த கூடங்குளத்து விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போவதை அண்ணன் கவனித்திருக்கிறார். வடகிழக்கே மணப்பாட்டு வெளிச்சவீடு பளிச்சென்று ஆகிக்கொண்டே வந்திருக்கிறது. காற்று துளியும் இல்லை, எஞ்சின் ஓடவில்லை, ஆனாலும் வள்ளம் போய்க்கொண்டிருந்தது. கூட இருந்த தாய்மாமா, “ஏலே, மேல பாத்தா கண்ணாடி மாதிரி கெடக்கு, அடியில இழுக்கு பாரு” என்று சொல்லிக்கொண்டே வலைக்கயிற்றைத் தொட்டுப் பார்த்தாராம். வில் நாண் மாதிரி விறைத்துக் கிடந்திருக்கிறது. உடனே எடுக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. கல்லோடு சேர்த்து வலையை நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போய்ப் பாரில், கடலடிப் பாறையில், மாட்டிவிட்டது. அண்ணனுக்கு 22 துண்டு வலை. கையில் வந்தது ஐந்து. அந்த ஐந்தும் வலையாக வரவில்லை, புரி முறுக்கிய கயிறாக வந்தது. மற்ற ஐந்து வள்ளத்திலும் இதே கதைதான். ஒரு வள்ளத்தில் எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதால் இரண்டு பேர் மறுநாள் மத்தியானம்தான் கரை சேர்ந்தார்கள். அதுவரை அவர்கள் வீட்டுப் பெண்கள் கடற்கரை மணலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணனின் ஜி.பி.எஸ். கருவியில் அந்த இரவின் தடம் பதிவாகியிருக்கிறது. எஞ்சின் நின்றிருந்த இரண்டு மணி நேரத்தில் வள்ளம் 5 கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே போயிருக்கிறது. அந்தப் பதிவை மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விசாரணைக்கு வந்தவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் இருந்த படிவத்தைத்தான் நான் பார்த்தேன். காற்றின் வேகம், அலை உயரம், மழை அளவு, மூன்றுக்கும் கட்டம் இருந்தது. மூன்றும் ‘சம்பவ நாள்’ என்ற தலைப்பின் கீழே. நீரோட்டத்துக்குக் கட்டமே இல்லை. முந்தின நாட்களுக்கும் இல்லை. கடலில் போன வலைக்கு நஷ்டம் கேட்கும் படிவத்தில் கடல் ஓடுவதைப் பற்றி எழுத இடமில்லை என்றால், அதை வைத்து எடுத்த முடிவு எப்படிச் சரியாக இருக்கும்?

வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஏறக்குறைய 1,025 கிலோ. எண்ணூறு மடங்குக்கும் மேல். இவ்வளவு கனத்தை அசைக்கக் காற்றுக்கு நேரம் பிடிக்கும். அசைந்த பிறகு அது நிற்கவும் நேரம் பிடிக்கும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் அசைவுக்கு எத்தனை ஆயிரம் கை வேண்டியிருக்கிறது! ஓடத் தொடங்கிய தேர், வடத்தை விட்ட நொடியில் நின்றுவிடுமா? சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான்கு நாள் கச்சான் வடம் பிடித்த கடலுக்கு ஐந்தாம் நாள் யார் முட்டுக்கட்டை போட்டார்கள்?

அந்தக் கச்சான் லேசான காற்றும் அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகமெடுத்து வரும் காற்று அது. முப்பந்தலிலும் பணகுடியிலும் ராதாபுரம் பக்கமும் ஆயிரக்கணக்கில் காற்றாலை நட்டிருப்பது அதை நம்பித்தான். அதே காற்று காற்றாலையைத் தாண்டி வந்து எங்கள் கடல்மேல் விழுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் நீர்ப்பரப்பின்மேல் அதன் இழுவை ஏறத்தாழ நான்கு மடங்காகும். பொதுவாகக் காற்றின் வேகத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு வேகத்தில் மேல்நீர் நகரும் என்பது ஒரு தோராயக் கணக்கு. கேட்கச் சின்னதாகத் தெரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்றால் மேல்நீர் மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர். ஏற்கெனவே பருவகாலத்து நீவாடு அதே பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஆடியில் எங்கள் கடலில் அப்படித்தான் நடக்கிறது.

பருவகால நீவாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட இந்தியப் பெருங்கடலில் மேல்நீரோட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடுகிற ஓட்டம், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கித் திரும்பிவிடும். இது புத்தகத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஆட்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் சோநீவாடு, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வாநீவாடு. எந்த மாதம் எது, எந்தக் காற்று எதை முடுக்கும், எதற்கு எந்த வலை என்று அப்பா விரல் மடக்கிச் சொல்வார். மார்கழியில் வாநீவாடு வலுத்தால் அவர் அடிவலையைத் தொடவே மாட்டார். இந்தச் சொற்கள் உங்கள் படிவத்தில் இல்லாததால் எங்கள் அனுபவமும் கணக்கில் வரவில்லை.

இன்னொன்று. காற்று அடிக்கும் திசையிலேயே நீர் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படிப் போவதில்லை. 1893 முதல் 1895 வரை வடதுருவக் கடலில் ‘ஃபிராம்’ கப்பலோடு பனிக்கட்டிக்குள் மிதந்த நார்வேக்காரர் நான்சென், பனி காற்றின் திசைக்கு வலப்புறமாக 20 முதல் 40 டிகிரி விலகி நகர்வதைக் கண்டார். ஸ்வீடன் நாட்டு எக்மான் அதற்குக் கணக்குப் போட்டு 1905-இல் வெளியிட்டார். பூமி சுழல்வதால் நம் பாதிக் கோளத்தில் மேல்நீர் வலப்பக்கம் ஒதுங்கும். அது தனக்குக் கீழே உள்ள நீரை இழுக்க, அந்த அடுக்கு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும். இப்படியே கீழே போகப் போகத் திசை திரும்பிக்கொண்டும் வேகம் குறைந்துகொண்டும் போகும். எல்லா அடுக்கையும் சேர்த்துக் கூட்டினால் மொத்த நீரும் காற்றுக்கு நேர் வலப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும்.

எங்கள் கரையில் கச்சானுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். வலக்கை நீளும் பக்கம் கடல். அதாவது கச்சான் அடிக்க அடிக்க மேல்நீர் கரையை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் அடியோடு கரைநோக்கி ஏறி வருகிறது. சித்திரையில் வெந்நீர் மாதிரி இருக்கும் கடல், வெயில் காயும் ஆடியில் காலை வைத்தால் சில்லிடுவது இதனால்தான். சின்ன வயதில் நாங்கள் அதைக் கடலுக்குக் காய்ச்சல் விட்டது என்று சொல்வோம். மேல் தண்ணீர் ஒரு பக்கம், அடித் தண்ணீர் இன்னொரு பக்கம் என்று ஓடும்போது நடுவில் நிற்கும் வலைக்கு என்ன ஆகும்? முறுக்கிக்கொள்ளும். அண்ணன் கொண்டுவந்த ஐந்து துண்டும் கயிறாகத் திரிந்திருந்ததே, அதுதான் சாட்சி. அந்த முறுக்கைப் புகைப்படம் எடுத்தும் மனுவில் வைத்தோம். ‘பழைய வலை’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பங்குனியில் வட்டிக்கு வாங்கிப் போட்ட வலை. ரசீது இருக்கிறது.

காற்று நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் முடிவுக்கு நேராக வரும் விஷயம். தள்ளும் கை விலகியதும் ஓடிக்கொண்டிருக்கும் நீர் அப்படியே நின்றுவிடுவதில்லை. திறந்த கடலில் அது பூமியின் சுழற்சியால் வலமாக வட்டமடித்துக்கொண்டு ஓடும். ஒரு வட்டத்துக்கு ஆகும் நேரம் அந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. துருவத்தில் 12 மணி நேரம். சென்னையின் நேர்கோட்டில் இரண்டு நாளுக்குச் சற்று மேல். எங்கள் கரை ஏறக்குறைய 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே ஒரு வட்டம் முடிய மூன்றரை நாள் ஆகும். கரையை ஒட்டிய இடத்தில் தரையும் கரையும் தடுப்பதால் சீக்கிரம் அடங்கலாம். வெளியே அந்த ஓட்டம் நாள்கணக்கில் இருக்கும், மெல்ல மெல்லத்தான் தேயும். ஐந்தாம் நாள் இரவு என்பது காற்று நின்று முழுதாக ஒரு நாள்கூட ஆகாத நேரம்.

‘சம்பவ நாள்’ என்ற உங்கள் தலைப்பு நிலத்துக்குப் பொருந்தும். சூறைக்காற்றில் வாழை சாய்ந்தால் காற்றடித்த அன்றே சாயும். களக்காட்டு விவசாயிக்கு அந்த ஒரு நாளின் அளவு போதும். கடலில் இன்றைய ஓட்டத்துக்குள் முந்தாநாள் காற்று இருக்கிறது, சில சமயம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த காற்றும் இருக்கிறது.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதற்குக் கள்ளக்கடலே போதும். எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே எழும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாள் கழித்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரையேறும். முன்னறிவிப்பு இல்லாமல் திருடன் மாதிரி வருவதால் கேரளக் கரையின் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்றார்கள். 2012-இல் யுனெஸ்கோ அமைப்பு அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. இன்று அரசின் எச்சரிக்கைச் செய்திகளிலும் அந்தச் சொல் வருகிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துச் சென்ற நாட்களில் அந்த எச்சரிக்கைதான் நடப்பில் இருந்தது. உள்ளூரில் காற்று இல்லாவிட்டாலும் கடல் ஆபத்தாக இருக்கும் என்பதை அலைக்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது. நீரோட்டத்துக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்?

“நீவாடு அப்படி இருக்கும் என்று தெரிந்தால் ஏன் போனார்கள்?” என்று விசாரணையில் ஒருவர் கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதிலும் அதே காற்றில்தான் இருக்கிறது.

காற்று கடலைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, கலக்கவும் செய்கிறது. பலத்த காற்றில் கடல்மேல் நுரை நீளநீளக் கோடுகளாக, காற்றடிக்கும் திசையிலேயே அடுக்கடுக்காகக் கிடப்பதை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு இரண்டு கோட்டுக்கும் நடுவில் நீர் உருளை மாதிரி சுழன்று, கோட்டுக்குக் கீழே இறங்கி, இடைவெளியில் மேலே வரும். 1927-இல் அட்லாண்டிக்கில் கடற்பாசி இப்படி வரிவரியாகக் கிடப்பதைக் கப்பலிலிருந்து பார்த்த அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர், 1938-இல் இதற்கு விளக்கம் எழுதினார். இந்தச் சுழற்சியும் அலை உடைவதும் இரவில் மேல்நீர் குளிர்ந்து கனமாகி இறங்குவதும் எல்லாம் சேர்ந்து, மேலே சில பத்து மீட்டர் ஆழம் வரை கடலைக் கடைந்து ஒரே சூடும் ஒரே உப்புமாக ஆக்கிவிடுகின்றன. அடியிலிருந்து ஏறி வரும் குளிர்நீர் சத்து நிறைந்தது. அது வெளிச்சத்துக்கு வந்ததும் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், கடல் பச்சை நிறமாகும், அதைத் தின்னச் சாளையும் நெத்திலியும் வரும், அவற்றைத் தின்னப் பெரிய மீன் வரும். கடல் கலங்கிய நாட்களில் பாருக்குள் ஒளிந்திருக்கும் சிங்கிறாலும் வெளியே நடமாடும் என்பது எங்கள் ஆட்களின் அனுபவம். கச்சான் அடங்கினால் கடல் கொடுக்கும் என்று அப்பா சொல்வார். நான்கு நாள் அடுப்புக்கு வழியில்லாமல் இருந்தவர்கள் ஐந்தாம் நாள் போகாமல் வேறு எந்த நாள் போவார்கள்?

மீன் வரும் நாளும் நீவாடு இழுக்கும் நாளும் ஒரே காற்றால் வருகின்றன. அன்றைக்குத்தான் எங்கள் ஆட்களுக்கு முன்னறிவிப்பு அதிகம் தேவை. அன்றைக்குத்தான் கைபேசிக்கு வந்த செய்தி ‘எச்சரிக்கை ஏதும் இல்லை’ என்றது. காற்றைப் பற்றி அது சொன்னது சரி. நீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அனுபவம் போதாதா என்றால், வேகம் குறையும் என்று தெரியும், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கரையில் நின்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. காற்று நின்ற பகலில் வெயில் மேல்நீரைச் சூடாக்கி லேசாக்கிவிடும். அந்த லேசான நீர் போர்வை மாதிரி மேலே கிடக்க, கீழே ஓடுவது மேலே தெரியாது. அண்ணனும் மாமாவும் பார்த்த அந்தக் கண்ணாடிக் கடல் அதுதான். உங்கள் விசாரணையாளர் புகைப்படம் எடுத்ததும் அதே மாதிரி ஒரு கடலைத்தான், அதுவும் சம்பவம் நடந்து ஒன்பது நாள் கழித்து.

மழைக்காலத்துக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தாமிரபரணி வெள்ளம் புன்னைக்காயல் வழியாகக் கடலில் இறங்கியது. நன்னீர் உப்புநீரைவிட லேசு, அதனால் மேலேயே பரவிக் கிடக்கும், காற்று சுலபத்தில் கலக்க முடியாது. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி எல்லாம் வந்து விழும் வங்கக் கடலின் வட பாதி பல மாதம் இப்படித்தான் இருக்கிறது. அடிக்குளிர் மேலே வராமல் மேல்நீர் சூடாகவே கிடப்பதால் புயலுக்கும் அது தீனி. மழை நின்று வானம் வெளுத்த பிறகும் கடலுக்குள் அந்த மழை இருக்கும். ஒக்கியை நாங்கள் மறக்கவில்லை. 2017 நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. கடலின் உள்நிலையைத் தெரிந்துகொள்வது எங்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.

“இதை ஒப்புக்கொண்டால் நாளைக்கு ஆளாளுக்கு நீவாட்டைக் காரணம் காட்டுவார்கள், எப்படிச் சரிபார்ப்பது?” என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான பயம்தான், அரசுப் பணம் சும்மா போகக்கூடாது. ஆனால் சரிபார்க்க வழி இருக்கிறது. 1990-களின் கடைசியிலிருந்து நம் நாட்டுக் கடல்களில் மிதவைகள் நிற்கின்றன. உலகம் முழுக்க ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி நீரின் சூட்டையும் உப்பையும் அளந்து அனுப்புகின்றன. செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க, அதிலிருந்து ஓட்டத்தைக் கணிக்கிறார்கள். கடலூரிலும் கல்பாக்கத்திலும் மேல்நீரோட்டத்தைக் கரையிலிருந்தே அளக்கும் ரேடார் இருக்கிறது. நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் நாட்டின் கடல் முன்னறிவிப்பு ஏற்கெனவே கணித்து வெளியிடுகிறது. இவ்வளவும் இருக்க, கேட்டு வாங்கிப் பார்க்க ஒரு கடிதம் போதும். அதோடு ஆறு வள்ளத்தின் ஜி.பி.எஸ். தடமும் ஒரே இரவில், ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போயிருக்கின்றன. ஆறு பேர் கூடிப் பொய் சொல்லலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு கருவிக்கும் அன்று சொல்லிக்கொடுத்தது யார்?

அண்ணி கழுத்தில் இருந்தது திசையன்விளை அடகுக்கடைக்குப் போய்விட்டது. புது வலைக்குப் பாதிதான் அதில் தேறியது. மீதிக்கு அண்ணன் இப்போது வேறொருவர் வள்ளத்தில் பங்குக்குப் போகிறார். சொந்த வள்ளம் கரையில் தார்ப்பாய் போட்டுக் கிடக்கிறது. ஆறு வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நிலைமை. இரண்டு வீட்டில் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி என்னிடம் படித்தவள். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் இல்லாததற்கு என்ன விலை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்பது இவை. தள்ளுபடி செய்த ஆறு மனுக்களையும் மறுபடி எடுங்கள். சம்பவ நாளை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தின ஐந்து நாள் காற்றையும், அந்த இரவின் நீரோட்டக் கணிப்பையும், நாங்கள் கொடுத்த ஜி.பி.எஸ். பதிவுகளையும் வைத்துப் பாருங்கள். பார்த்த பிறகும் மறுப்பதானால் எந்த அளவீட்டைக் கொண்டு மறுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். படிவத்தில் நீவாட்டுக்கு ஒரு கட்டம் சேருங்கள், திசையும் வேகமும் எழுத இடம் விட்டு, சோநீவாடு, வாநீவாடு என்ற எங்கள் சொற்களிலேயே. விசாரணைக்கு வருகிறவரோடு கடலில் பல வருஷம் தொழில் செய்த ஒருவரையும் குழுவில் உட்கார வையுங்கள், சம்பவம் நடந்த இரண்டு நாளுக்குள் வரச் சொல்லுங்கள்.

முன்னறிவிப்பு உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் அதை வெளியிடுகிறவர்களிடம் எங்கள் சார்பாக எழுத உங்களால் முடியும். தினமும் கைபேசிக்கு வரும் செய்தியில் காற்று, அலை இரண்டோடு நீரோட்டத்தின் திசையும் வேகமும் வர வேண்டும். பலத்த காற்று அடங்கினால் எச்சரிக்கையை ஒரே வரியில் விலக்காமல், நீவாடு இன்னும் எத்தனை நாள் வலுவாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தென் தமிழகக் கடலோரம் முழுவதற்கும் ஒரே செய்தியாக இல்லாமல், கூட்டப்புளியிலிருந்து உவரி வரையுள்ள எங்கள் துண்டுக்குத் தனியாக வர வேண்டும். கணவாய்க் காற்று நேரடியாக விழும் இந்தக் கரையில் நீரோட்டத்தை அளக்க ஒரு மிதவையாவது வேண்டும். அதை எங்கள் ஆட்கள் யாரும் சேதப்படுத்தாமல் காவல் காப்போம் என்று எங்கள் ஊர்க் கமிட்டியில் பேசி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அந்தத் தாள் இந்த மடலின் நகலோடு உங்களுக்குத் தனியே வரும்.

அடுத்த கச்சான் அடங்கிய மறுநாள் உங்களில் ஒருவர் எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் வள்ளத்தை இறக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். 18 பாகத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், மேற்கே விளக்குகள் என்ன ஆகின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பதிலை இந்த முறை ஆறு பேருக்கும் ஒரே வாசகமாக அனுப்பாமல், ஒவ்வொருவர் மனுவையும் தனித்தனியே வாசித்து, தனித்தனியே எழுத்தில் அனுப்புங்கள்.